கையிருப்புக்குள் வீடு: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட குடும்பம். தரைத்தளம் மட்டும் உள்ள 1,200 சதுர அடி வீட்டுக்கு வரைபடம் தயாராக உள்ளது. சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் பார்த்தாலும் மதிப்பீட்டுத் தொகையில் முக்கால் பங்குதான் தேறுகிறது. கம்பியிலும் சிமெண்டிலும் கொஞ்சம் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். ஏற்கலாமா? இல்லையென்றால் வேறு எங்கே குறைப்பது?

பதில்: ஏற்க வேண்டாம். ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே உதைக்கிறது. மொத்தச் செலவில் கம்பியின் பங்கு ஐந்தில் ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதால் மிஞ்சுவது 2 சதவீதம்தான். உங்களுக்குத் துண்டு விழுவதோ 25 சதவீதம். அந்த இடைவெளியைக் கட்டுமானத் தளத்தில் நிரப்ப முடியாது. வரைபடத்தில்தான் நிரப்ப முடியும். தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்பே நீங்கள் கேட்டிருப்பது நல்லதாயிற்று.

முதலில் பரப்பளவு. 1,200 சதுர அடியை 900 ஆக்கினால் செலவும் சரியாகக் கால் பங்கு இறங்கிவிடாது. சமையலறை, குளியலறை, கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர் மற்றும் மின் இணைப்பு ஆகியவை சிறிய வீட்டுக்கும் ஏறக்குறைய அதே செலவைத்தான் வைக்கும். ஆகவே பரப்பளவோடு வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30க்கு 30 அடி சதுர வீட்டின் சுற்றளவு 120 அடி. அதே 900 சதுர அடியை 15க்கு 60 அடி என்று நீளவாக்கில் கட்டினால் சுற்றளவு 150 அடியாகிறது. 36க்கு 30 அடி செவ்வகத்தில் ஒரு மூலையை 18க்கு 10 அடி அளவில் வெட்டிவிட்டு, அழகுக்காக 'எல்' வடிவமாக்கினாலும் 132 அடி. வெளிச்சுவரின் ஒவ்வோர் அடியும் தன்னோடு கடைக்கால், அடித்தள உத்திரம், செங்கல், இருபுறப் பூச்சு, வண்ணம் என்று ஒரு வரிசையையே இழுத்து வருகிறது. மனையின் அமைப்பு இடம் கொடுத்தால், சதுரத்துக்கு நெருங்கிய, மூலைகள் குறைந்த வடிவமே மலிவானது.

அடுத்து, வரைபடத்தில் உள்ள நடைவழிகளை அளந்து பாருங்கள். மூன்றரை அடி அகலத்தில் 20 அடி நீளத்துக்கு ஒரு நடைவழி இருந்தால், அது ஒன்றே 70 சதுர அடியை விழுங்கிவிடுகிறது. ஒரு சிறுவருக்கான படுக்கையறைக்கு அது போதும். அறைகளின் கதவுகள் நேராகக் கூடத்திலேயே திறக்குமாறு அமைத்தால் நடைவழியே தேவைப்படாது. சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இருபுறமும் அமைந்தால் குழாய்களின் நீளம் குறையும். பிற்காலத்தில் கசிவு வந்தாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். அறைகளின் அகலம் 12 அடியைத் தாண்டாமல் இருந்தால் மேல்தளத்தின் கனமும் கம்பியும் கட்டுக்குள் இருக்கும். பெரிய கூடம் வேண்டும் என்ற ஆசைக்காகப் போடும் ஆழமான உத்திரங்கள், கண்ணுக்குத் தெரியாமல் பணத்தைத் தின்பவை.

சுவர்களிலும் மிச்சம் பிடிக்க வழியுண்டு. தூண்களும் உத்திரங்களும் பாரத்தைத் தாங்கும் அமைப்பாக இருந்தால், உட்தடுப்புச் சுவர்களை நாலரை அங்குலத்தில் எழுப்பலாம். சுவரே பாரம் தாங்கும் வீட்டில், பொறியாளர் அனுமதிக்காமல் அப்படிச் செய்யக் கூடாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவார்கள். ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். வெயிலின் வெப்பமும் குறைவாகவே உள்ளே இறங்கும். ஆனால் செங்கற்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொத்தனாருக்கும் அந்த வேலையில் கைப்பழக்கம் இருக்க வேண்டும். பழகாதவர் அந்த வெற்றிடத்தையெல்லாம் சாந்தால் நிரப்பிவிட்டால், செங்கலில் மிஞ்சியது சிமெண்டில் போய்விடும்.

இனி, கை வைக்கக் கூடாதவை. கடைக்கால், தூண், உத்திரம், மேல்தளம் ஆகியவற்றின் கம்பி அளவும் கான்கிரீட் கலவையும் பொறியாளர் எழுதியபடியே இருக்க வேண்டும். அதற்கு அப்பால், தரம் கெடுவது பெரும்பாலும் பணம் குறைவதால் அல்ல, கவனம் குறைவதால்தான். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் போதும். மணல் ஈரமாக இருந்தால் அதற்கும் குறைவாகவே ஊற்ற வேண்டும். கலவை இறுகுகிறது, கொட்டுவதற்குச் சிரமமாக இருக்கிறது என்று வேலையாள் குழாயைத் திறந்துவிடும் அந்த ஒரு நிமிடத்தில், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சிமெண்டின் வலிமையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. கான்கிரீட் போடும் நாளில் வீட்டார் ஒருவர் கலவை இயந்திரத்தின் அருகிலேயே நிற்பது, விலையுயர்ந்த சிமெண்டு வாங்குவதைவிடப் பயன் தரும்.

மணல் வந்து இறங்கும்போது, நேரான கண்ணாடிப் புட்டி ஒன்றில் பாதி அளவுக்கு மணலை நிரப்பி, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் வண்டல் தனிப் படலமாகப் படியும். அதன் உயரம் மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்பிவிடலாம். கம்பிக்கு அடியில் உடைந்த கல்லையோ செங்கல் துண்டையோ முட்டுக் கொடுக்காமல், கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை) வைக்கச் சொல்லுங்கள்: மேல்தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர். கம்பியை மூடும் அந்தக் கான்கிரீட் மறைப்பு இல்லாவிட்டால் ஈரம் கம்பியை எட்டித் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்து, சில ஆண்டுகளில் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். மேல்தளத்தில் சிறு வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி நீராற்றுவதை 10 நாட்களுக்குக் குறையாமலும், முடிந்தால் 14 நாட்களும் செய்யுங்கள். இதற்குத் தண்ணீரைத் தவிர வேறு செலவே இல்லை. இருந்தும் பல வீடுகளில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

மீதித் துண்டைத் தள்ளிப்போடுவதன் மூலம் அடைக்கலாம். பொய்க்கூரை, சமையலறை அலமாரிகள், விலையுயர்ந்த தரை, சுற்றுச்சுவர், இரண்டாம் குளியலறையின் ஓடுகள் ஆகியவை குடிபோன பிறகும் செய்யக்கூடியவை. ஆனால் தள்ளிப்போடும் வேலைக்கும் இப்போதே இடம் விட்டு வைக்க வேண்டும். இப்போது சிமெண்டுத் தரை போட்டுவிட்டுப் பின்னர் ஓடு பதிப்பதாக இருந்தால், ஓடும் அதன் படுகைச் சாந்தும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் இரண்டு அங்குலத்தைக் கணக்கில் வைத்தே கதவு நிலைகளை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஓடு பதித்த அன்றே எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும். மூன்றாவது படுக்கையறையைப் பிறகு சேர்ப்பதாக இருந்தால், அது ஒட்டும் சுவரில் வருங்கால வாசலுக்கு மேலே இப்போதே லிண்டல் (வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் சிறு உத்திரம்) போட்டு, கீழே செங்கல்லால் மூடிவிடுங்கள். பிற்பாடு அந்தச் செங்கற்களை மட்டும் எடுத்தால் போதும். மின்குழாய்களையும் அந்த அறையின் திசையில் காலியாகவே விட்டு வைக்கலாம். மேலே ஒரு மாடி என்றாவது வரக்கூடும் என்றால் கடைக்காலும் தூணும் இப்போதே அதற்கேற்ப வடிவமைக்கப்பட வேண்டும். தளத்துக்கு மேல் நீட்டி நிற்கும் தூண் கம்பிகளை வெறுமனே விடாமல், சிமெண்டுப் பால் பூசி, வலுக்குறைந்த கான்கிரீட்டால் மூடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டாம். படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை அதில் அடக்கமா என்பதில்தான் பாதித் தகராறுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் தனித்தனியாக உள்ள பட்டியலைக் கேளுங்கள். எதை நீக்கினால் எவ்வளவு குறையும் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும். கைவசமுள்ள பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒப்பந்தத்துக்கு வெளியே ஒதுக்கி வையுங்கள். தவணைகளை வேலை முடிந்த கட்டத்துக்கு மட்டுமே கொடுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, 48 மணி நேரம் நீர் தேக்கி வைத்து, அடிச்சுவரிலும் பக்கத்து அறைச் சுவரிலும் ஈரம் பூக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.