மோட்டார் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டால் வெல்டிங் வைத்துக் கடையலாமா?

கடையலாம். தேய்ந்த இடத்தில் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்கி பேரிங்கை ஏற்றுவது தற்காலிகம்தான். புள்ளிகள் நசுங்கியதும் மறுபடி லூஸாகும்.

ஷாஃப்ட் பெரும்பாலும் இஎன்8 என்ற வகை எஃகு. அதில் கார்பன் சுமார் 0.4 சதவீதம் என்பதால், சூடாக்காமல் வெல்டிங் வைத்தால் ஓரம் கடினமாகி விரிசல் விடலாம். 150–200 டிகிரிக்குச் சூடாக்கி, ஈரமில்லாத 7018 வெல்டிங் ராடால் ஒரு வரி இந்தப் பக்கம், அடுத்தது நேர் எதிர்ப் பக்கம் என்று நீளவாக்கில் வையுங்கள். இல்லையென்றால் ஷாஃப்ட் வளையும். அப்புறம் சுண்ணாம்புத் தூளில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரக்காரர்கள் தண்ணீர் ஊற்றிக் கெடுப்பது இங்கேதான்.

லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே பிடித்துக் கடையுங்கள். உதாரணமாக, 6205 எண் பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ.; ஷாஃப்ட் 25.002 முதல் 25.015 வரை இருக்கட்டும். மைக்ரோமீட்டர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். வெல்டிங்குக்குப் பதிலாக ஷாஃப்டைக் கடைந்து குறைத்து, மேலே ஸ்லீவ் (குழாய் போன்ற உறை) போடலாம்தான், ஆனால் மெல்லிய ஷாஃப்டில் அது பலத்தைக் குறைக்கும்.