தேர்வு அறையில் மூச்சு முட்டுகிறது, மலைக்காற்று காரணமா?

ஊட்டியில் பிறந்து வளர்ந்து அங்கேயே கல்லூரியில் படிக்கிறீர்கள். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது. உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கீழேயிருந்து வருபவருக்கு முதல் நாள் லேசாக மூச்சு வாங்கலாம். அங்கேயே வளர்ந்த உடம்புக்கு அது பழகிப்போன காற்று. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. தலைசுற்றலும் மரமரப்பும் பெரும்பாலும் அதனால்தான். காற்று போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்போம், இன்னும் கூடும்.

இதைப் பதற்றத் தாக்குதல் (பேனிக் அட்டாக்) என்பார்கள். எனக்கும் வந்திருக்கிறது. குன்னூரிலிருந்து இறங்கும் பஸ்ஸில், பர்லியார் வருவதற்குள் உயிர் போய்விடும் என்றே நினைத்தேன். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் ஜில்லிப்பையே கவனித்தேன். நாலு எண்ணி மூக்கால் இழுப்பது, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. மேட்டுப்பாளையத்தில் இறங்கி வடை சாப்பிட்டேன்!

இந்தப் பதற்றம் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்லத் தணிந்துவிடும். அதனால் முடிந்தவரை எழுந்து ஓடாதீர்கள். ஓடினால் அடுத்த தேர்வில் பயம் இரட்டிப்பாகும். அப்புறம், ராத்திரி கண்விழிக்கக் குடிக்கும் அந்த ஸ்ட்ராங் டீ. நீலகிரிக்காரரிடம் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் குறையுங்கள், அது படபடப்பைக் கூட்டும்.

ஒருமுறை டாக்டரிடம் போய் இசிஜி, தைராய்டு பார்த்துவிடுங்கள். அடிக்கடி வந்தால் மனநல ஆலோசனைக்குப் போகலாம், சிகிச்சையில் நன்றாகவே குணமாகும். ராத்திரி தனியாகத் தவித்தால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், தமிழிலேயே பேசலாம்.