ஏற்காட்டுக்கு முன் மூக்கனேரி

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் திருமணத்துக்கு முன்பிருந்தே மலையேறும் பழக்கம் உள்ளவர்கள். பர்வதமலை, குரங்கணி என்று மாதத்துக்கு ஒரு மலையாவது ஏறிவிடுவோம். எங்கள் மகள் 28-ஆம் வாரத்திலேயே பிறந்து, நூறு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இப்போது அவளுக்கு எட்டு மாதம். நுரையீரல் இன்னும் தேறாததால் நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாலும் மூக்குக் குழாய் வழியாகத்தான். வீட்டுக்கு வந்த இந்த ஐந்து மாதங்களில் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் நாங்கள் சென்றதில்லை. மொட்டை மாடியில் நின்றால் ஏற்காடு மலை தெரிகிறது. ஒரு நாளாவது அவளை அங்கே அழைத்துச் செல்லலாமா? இப்படி ஆசைப்படுவதே தவறு என்கிறார்கள் உறவினர்கள்.
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. ஐந்து மாதங்கள் நான்கு சுவர்களுக்குள் கண்காணிப்புக் கருவியின் ஓசையைக் கேட்டபடி உறங்கி விழித்த பெற்றோருக்கு வெளிக்காற்று ஆடம்பரம் ஆகாது. ஆனால் ஏற்காடு இப்போது வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எங்கே போகலாம் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான் என்றாலும், காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், சமவெளியில் 18 விழுக்காட்டுக்கும் குறைவான ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு அது ஈடாகிறது. உதகையில் இது சுமார் 16 விழுக்காடு. உங்களுக்கும் எனக்கும் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. கால் லிட்டர் ஆக்சிஜனின் துணையோடு தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் நுரையீரலுக்கு, அதனுள் இருக்கும் சிறு ரத்தக் குழாய்கள் ஆக்சிஜன் குறைந்தவுடன் சுருங்கிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், இதயத்தின் வலப்பக்கமும் சேர்ந்து சிரமப்பட நேரும். இத்தகைய குழந்தைகள் விமானத்தில் போகலாமா என்று அறிய, 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றைச் சிறிது நேரம் சுவாசிக்கச் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. உயரம் என்பது மருத்துவர்கள் அந்த அளவுக்குக் கவலைப்படும் விஷயம்.

இரண்டாவது காரணம் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தும் அந்தச் சாலையில் இன்றுவரை வாந்தி எடுப்பவன் நான். ஆகவே என் பேச்சில் சற்று ஒருதலைச் சார்பு இருக்கலாம். ஆனால் குழாய் வழியாகப் பால் குடிக்கும் குழந்தை வாந்தி எடுத்தால், அந்தப் பால் மூச்சுக் குழலுக்குள் இறங்கும் அபாயம் உண்டு என்பதில் சார்பு எதுவும் இல்லை.

மலை வேண்டாம் என்றால் வேறு எங்கே? முதல் வாரம் உங்கள் மொட்டை மாடிக்கே போங்கள். காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம், சிலிண்டரும் கருவியும் பையும் சகிதமாக, உண்மையான பயணம் போலவே கிளம்புங்கள். என்னென்ன மறந்துபோகிறது என்பது படியேறும்போதே தெரிந்துவிடும். அடுத்ததாகக் கன்னங்குறிச்சி மூக்கனேரி. ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்திருப்பதால் பறவைகள் நிறைய வந்தடைகின்றன. கரையில் நின்றால், ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையும் தெரியும். மலையை அவளுக்குக் காட்டிய திருப்தி அங்கேயே கிடைத்துவிடும். பிறகு மலையடிவாரத்தில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. கூட்டம் இல்லாத வேலை நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். மேட்டூர் அணைப் பூங்கா 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனையிலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே தொடக்க மாதங்களுக்கு நான் பெற்றோரிடம் சொல்லும் எல்லை.

இனி ஆக்சிஜன் கணக்கு. சிலிண்டரின் கொள்ளளவை, அழுத்தமானி ‘பார்’ என்ற அழுத்த அலகில் காட்டும் எண்ணால் பெருக்கினால் உள்ளே இருக்கும் அளவு கிடைக்கும். 2 லிட்டர் கொள்ளளவு உள்ள சிறு சிலிண்டரில் 150 பார் காட்டினால் இருப்பு 300 லிட்டர். நிமிடத்துக்குக் கால் லிட்டர் வீதம் அது 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம் வரும். ஆனால் இந்த எண்ணை நம்பிக் கிளம்பாதீர்கள். வழியில் அவளுக்கு மூச்சு திணறி, மருத்துவர் சொன்னபடி ஒரு லிட்டருக்கு உயர்த்த நேர்ந்தால் அதே சிலிண்டர் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கணக்கை எப்போதும் அந்த மோசமான வேகத்துக்கே போடுங்கள். அதன்படி வரும் நேரத்தில் பாதிக்குமேல் வெளியில் தங்காதீர்கள். சிலிண்டர் காருக்குள் உருளாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஆக்சிஜன் குழாயில் காற்று வருகிறதா என்று சந்தேகம் வந்தால், மூக்கில் வைக்கும் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள், குமிழி வரும். பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு ஆபத்துகள் இதில் உண்டு. ஒன்று எண்ணெய். குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருகக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் தீப்பற்றும். மற்றொன்று, முதன்முதலாக வெளியே கிளம்பும் பேத்திக்குப் பாட்டி வாசலில் சுற்றப்போகும் கற்பூரம். நான் திருஷ்டிக்கு விரோதி அல்லன். கற்பூரத்துக்கும் குழந்தைக்கும் இடையே மூன்று மீட்டராவது இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவதையும் தவிர்க்கலாம். அந்த நெடி தேறிய நுரையீரலையே இரும வைக்கும்.

விரலிலோ பாதத்திலோ மாட்டும் ஆக்சிமீட்டர் வெளியில் போனதும் சில சமயம் பொய் சொல்லும். நேர் வெயில் பட்டால் அதன் ஒளி உணரி குழம்பிப்போகும். பாதம் குளிர்ந்திருந்தாலும் அளவு சரியாக வராது. பாதத்தில் மாட்டிய பின் மேலே ஒரு கனமான காலுறையைப் போட்டுவிடுங்கள். எண் குறைந்தால் முதலில் குழந்தையைப் பாருங்கள்: உதட்டின் நிறம், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா. எந்த எண்ணுக்குக் கீழே போனால் திரும்ப வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பால் ஊட்டி ஒரு மணி நேரமாவது கழித்துக் கிளம்புவது நல்லது. பிழிந்தெடுத்த தாய்ப்பாலை ஐஸ் பொதிகளோடு பெட்டியில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்துப் பழகாதீர்கள். கன்னத்தில் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்திரி வியர்வையில் நழுவும் என்பதால், ஒவ்வொரு முறை ஊட்டும் முன்பும் மூக்கருகே குழாயில் உள்ள குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, மருத்துவமனையில் கற்றுத்தந்த மற்றச் சோதனையையும் செய்துவிடுங்கள். ஊட்டும்போது குழாய் நழுவினால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள். ஏரிக்கரையில் அதை மீண்டும் செருக முயல வேண்டாம். ஒரு வேளைப் பால் சற்றுத் தாமதமானால் பெரும்பாலும் பாதகமில்லை, வீட்டுக்கு வந்துவிடலாம்.

வயதைப் பற்றி ஒரு சொல். எட்டு மாதம் என்றாலும், பன்னிரண்டு வாரம் முன்கூட்டிப் பிறந்ததால் வளர்ச்சியில் அவள் ஐந்து மாதக் குழந்தைதான். தடுப்பூசிகள் மட்டும் பிறந்த தேதிக் கணக்கில். ஆகவே மலையேறுபவர்கள் முதுகில் மாட்டும் கூடை இப்போது வேண்டாம்; மார்போடு அணைத்துக்கொள்ளும் துணியில், முகம் மறையாமலும் முகவாய் மார்பில் முட்டாமலும் வைத்துக்கொள்ளுங்கள். காரிலும் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப்பாதை மடங்கும். ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். வெயில் களிம்பைவிட நிழலும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் மேல். கொசுவுக்கு வலை போதும்.

கரையில் நான்கு பேராவது வந்து ‘குழந்தைக்கு என்ன ஆச்சு?’ என்பார்கள், ஒருவர் கன்னத்தைத் தொடக் கை நீட்டுவார். உங்களுக்குச் சளிக் காய்ச்சல்தான் பகை. அந்தக் கை அதைக் கொண்டு வரலாம். ‘சீக்கிரம் பிறந்துட்டா, தேறிட்டு வர்றா, தொடாதீங்க’ என்ற ஒரே வாக்கியத்தை இருவரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உண்மையில் இந்தப் பயணங்களுக்கு மற்றப் பெற்றோரைவிட நீங்கள் அதிகம் தகுதி உள்ளவர்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் குறித்த நேரம் வந்ததும் திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுங்கு மலையேறியவர்களுக்குத் தெரியும். அதை இங்கே கொண்டு வாருங்கள். கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறியுங்கள். லேசான சளி, சற்றே கூடிய மூச்சு வேகம், பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கும் புகை, எதுவானாலும் கதவருகிலிருந்தே திரும்பிவிடலாம். சிகிச்சைச் சுருக்கம், மருந்தளவு, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றின் நகல் பையில் ஒன்றும், புகைப்படமாகக் கைப்பேசியில் ஒன்றும் இருக்கட்டும். 108-க்கு அழைத்து வழி சொல்லும்போது குழப்பம் வராமல் இருக்க, நிற்கும் இடத்தின் அடையாளத்தையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காக உங்கள் சொந்த மலைகளை விட்டுவிட வேண்டாம். இருவரும் ஒன்றாகப் போக முடியாதுதான். முறை வைத்துப் போகலாம். வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியுடன் போய்வரலாம். ஒருவர் ஏறும்போது மற்றவர் வீட்டில் இருக்கட்டும்; வீட்டில் இருப்பவருக்குத் துணையாக, குழாயையும் சிலிண்டரையும் கையாளத் தெரிந்த இன்னொருவரைப் பழக்கி வையுங்கள். அந்த இன்னொருவர், உங்கள் ஆசையைத் தவறு என்று சொன்ன உறவினராகவே இருந்தால் இன்னும் நல்லது.

ஆக்சிஜன் தேவை நின்று, உறக்கத்திலும் அளவு குறையாமல் சில மாதங்கள் கடந்தபின் ஏற்காட்டைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் மீண்டும் கேளுங்கள்.

கேள்வி: ஆறு மாத மகனுக்குப் பிறவி இதயக் குறைபாடு, ‘டெட்ராலஜி ஆஃப் ஃபேலட்’ என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை மாலையில் கடற்கரைக்குத் தூக்கிச் செல்லலாமா?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: அவனைப் பார்க்கும் இதய மருத்துவர் தடை சொல்லாதவரை செல்லலாம். கடற்கரையில் உயரத்தின் தொல்லை இல்லை. உங்கள் பகை வெயிலும் நீரிழப்பும்தான். இந்தக் குழந்தைகளின் ரத்தம் இயல்பைவிடக் கெட்டியாக இருப்பதால், உடலில் நீர் குறைந்தால் உறையும் அபாயம் உண்டு. ஆகவே வெயில் தணிந்தபின் கிளம்புங்கள். பால் வேளையைத் தள்ளிப்போடாதீர்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் வீட்டிலேயே இருங்கள். அவன் வீறிட்டு அழுது, உதடும் நகமும் திடீரென நீலம் பாரித்தால், இரு முழங்கால்களையும் மடக்கி அவன் மார்போடு சேர்த்து அணைத்து அமைதிப்படுத்தியபடி 108-ஐ அழையுங்கள். அந்தப் பிடியை உங்கள் மருத்துவரிடம் நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் ஒரு தலையணையை வைத்துத் தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் பழகிப் பாருங்கள். எல்லோருக்கும் கை வந்தபின் கடற்கரைக்குக் கிளம்பலாம்.