போலந்து முறையில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் சேர்த்து எளிமையாக ஓர் இரவுச் சாப்பாடு செய்வது எப்படி? சைவமாகச் செய்யலாமா? மசாலா இல்லாமல் சப்பென்று இருக்காதா?

இருக்காது. அந்தச் "சப்பென்று" என்ற வார்த்தையைப் பார்த்த பிறகுதான் பதில் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். போலந்தில் கிராக்கோ நகரத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில் மதியம் தமிழர்கள் நாலைந்து பேர் ஒரே மேசையில் சாப்பிடுவோம். என் டப்பாவைத் திறந்தாலே போதும், "என்னக்கா, இன்றைக்கும் ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கேட்கிற தம்பி இந்த ஊர் சாப்பாட்டில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைத் தவிர வேறெதையும் வாயில் வைத்துப் பார்த்தவர் இல்லை. ஊரிலிருந்து வரும் பருப்புப் பொடியை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் வருகிறது, நானும் தின்கிறேன். ஆனால் ருசி என்றால் காரம் மட்டும்தான் என்று நினைத்தால் என்ன செய்வது?

நீங்கள் அநேகமாகப் போலந்துக்குப் புதிதாகப் படிக்க வந்திருப்பீர்கள். ஹாஸ்டலில் ஒரு மின்னடுப்பு, ஒரு வாணலி, அதிலும் பங்குக்கு ஆள். கடையில் எது மலிவு என்று பார்த்தால் முட்டைக்கோஸ் குண்டு குண்டாகக் கிடக்கிறது. சரிதானே? அப்படியென்றால் நீங்கள் தேடுவது வஸான்கி. சதுரமாக வெட்டிய பாஸ்தா, முட்டைக்கோஸ், வெங்காயம், மிளகு. விஷயம் அவ்வளவுதான். சதுரப் பாஸ்தா எந்தக் கடையிலும் வஸான்கி என்ற பெயரிலேயே பாக்கெட்டில் கிடைக்கும். 1518-இல் இத்தாலியிலிருந்து வந்து கிராக்கோவில் அரசர் முதலாம் ஸிக்மண்டைக் கல்யாணம் செய்துகொண்ட ராணி போனா ஸ்ஃபோர்ட்ஸா கொண்டுவந்த பழக்கம் இது என்று இங்கே பலரும் சொல்வார்கள். ராணி கொண்டுவந்தாரோ இல்லையோ, இன்றைக்கு இது ராணிச் சாப்பாடு இல்லை. மாதக் கடைசிச் சாப்பாடு.

இதை நான் முதலில் சாப்பிட்டது ஒரு பால் பாரில். பெயரைப் பார்த்து மதுக்கடை என்று நினைக்க வேண்டாம். பால், மாவு, முட்டை, காய்கறி வைத்து மலிவாகச் சாப்பாடு போடும் கடைகள் அவை. கம்யூனிஸ்ட் காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன, இப்போதும் அரசு மானியத்தோடு பல ஊர்களில் ஓடுகின்றன. கல்லாவில் காசு கொடுத்து சீட்டு வாங்கி, சமையலறை ஜன்னலில் நீட்டினால் தட்டு வரும். தின்று முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கிடைத்த வஸான்கி நன்றாகவே இருந்தது. ஆனால் பிரமாதம் என்றால் எங்கள் கீழ்வீட்டுப் பானி செய்ததுதான். பானி என்பது பெயர் இல்லை, இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

நான் இருப்பது நோவா ஹூத்தாவில். 1949-இல் உருக்காலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய பகுதி, இப்போது கிராக்கோவுக்குள்தான் இருக்கிறது. டவுனை விட வாடகை குறைவு. பானிக்கு எழுபதுக்கு மேல் வயது. என்னைக் "கொஹானா" என்றுதான் கூப்பிடுவார், நம் ஊரில் பெரியவர்கள் "கண்ணு" என்பார்களே, அப்படி. ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தவர், நான் பொரியலுக்கு முட்டைக்கோஸ் நறுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கத்தியை வாங்கி, மீதிப் பாதியைப் பாஸ்தாச் சதுரத்தின் அளவுக்கே சதுரம் சதுரமாக வெட்டிப்போட்டார். பொரியலுக்கு உங்கள் நறுக்கு சரி, இதற்கு இது, என்றார். எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் சொன்னார்.

அன்று பார்த்ததையும் பிறகு நானாகச் செய்து தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட நடுத்தர அளவு முட்டைக்கோஸில் பாதி, அதாவது 600, 700 கிராம். வெங்காயம் பெரிதாக 2. வஸான்கி 250 கிராம். வெண்ணெய் 60 கிராம், கூட ஒரு ஸ்பூன் எண்ணெய். மிளகைத் தூளாக வாங்காமல் ஒன்றிரண்டாகத் தட்டி ஒன்றரை டீஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு வெண்ணெயா?" என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பேருக்கு, அதுவும் தினமும் இல்லை. உடம்புக்கு ஆகாது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், நான் டாக்டர் இல்லை.

வெட்டிய முட்டைக்கோஸில் ஒரு டீஸ்பூன் உப்பைத் தூவி, இரண்டு கையாலும் அழுத்திப் பிசைய வேண்டும். பானி பிசைந்த வேகத்தில் மேசையே ஆடியது. சதுரங்கள் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளங்கை நனைந்தால் போதும். அப்படியே கால் மணி நேரம் விட்டுவிட்டு, வந்த தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் வெங்காயத்தை எண்ணெயிலும் பாதி வெண்ணெயிலும் சிறு தீயில் வதக்குங்கள், பொன்னிறம் தாண்டி லேசாகப் பழுப்பாகும் வரை. அதில் முட்டைக்கோஸைக் கொட்டுங்கள். வாணலி வழியும், பயப்பட வேண்டாம், பத்து நிமிடத்தில் பாதியாகிவிடும்.

முதல் கால் மணி மூடி போட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டு இன்னொரு இருபது நிமிடம். இந்த இரண்டாவது பாதியைத்தான் நம்மவர்கள் பொறுமையில்லாமல் வெட்டிவிடுகிறார்கள். ஈரம் இருக்கும்வரை முட்டைக்கோஸ் சிவக்காது, வேகத்தான் செய்யும். ஈரம் வற்றியதும் வாணலியில் சத்தம் மாறும். தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது சடசடவென்று பொரிய ஆரம்பிக்கும். பானி அடுப்புக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்தவர், அந்தச் சத்தம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார். அப்போதிலிருந்து அடிக்கடி கிளற வேண்டாம். ஒரு பக்கம் பழுப்பு ஏறவிட்டு, தோசைத் திருப்பியால் அடியோடு புரட்டுங்கள். சதுரமாக வெட்டியது இதற்குத்தான்: மெல்லிசாகச் சீவினால் நார் நாராகச் சுருண்டு கருகும், சதுரம் என்றால் ஓரம் சிவந்து நடுவில் இனிப்பாக நிற்கும். முட்டைக்கோஸில் இருக்கும் சர்க்கரையே போதும், சிலர் கால் ஸ்பூன் சர்க்கரை சேர்ப்பார்கள், அதுவும் தப்பில்லை. முட்டைக்கோஸ் என்றாலே ஒரு வாடை அடிக்குமே என்பீர்கள். அது நிறையத் தண்ணீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டால்தான் பெருகும். வெண்ணெயில் சிவந்தால் கடலை வறுத்த வாசனைதான் வரும்.

பாஸ்தாவைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, வடித்த தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வையுங்கள். மீதி வெண்ணெய், பாஸ்தா, மிளகு எல்லாவற்றையும் வாணலியில் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தண்ணீரை விட்டு இரண்டு நிமிடம் புரட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பளபளக்கும். மிளகு நாக்கில் சுருக்கென்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் போடுங்கள். சப்பென்று இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் மிளகு குறைந்த, சிவக்காத முட்டைக்கோஸ்தான்.

க்மினெக் என்று ஒரு விதையை அரை ஸ்பூன் சேர்ப்பவர்கள் உண்டு. பார்க்கச் சீரகம் போலவே இருக்கும், சீரகம் இல்லை. மணமே வேறு. சீரகம் என்று நினைத்து ரசத்தில் போட்டு ஏமாறாதீர்கள்.

இது பச்சை முட்டைக்கோஸ் கதை. புளித்த முட்டைக்கோஸ் சேர்த்தும் செய்வார்கள், எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். சந்தையில் பீப்பாயிலிருந்து எடுத்து எடை போட்டுத் தருவார்கள், கேரட் துருவல் கலந்திருக்கும். பாக்கெட்டில் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள், வினிகர் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். முட்டைக்கோஸும் உப்பும் சேர்ந்து தானாகப் புளித்ததுதான் வேண்டும். ஒரு முக்கியமான விஷயம்: புளித்ததைப் பச்சையோடு ஒன்றாகப் போட்டு வேகவைக்காதீர்கள். புளிப்பு இருந்தால் காய் லேசில் மசியாது, நம் ஊரில் காய் வெந்த பிறகுதானே புளி விடுவோம். அதனால் இதைத் தனியாக, பிரிஞ்சி இலை ஒன்று போட்டு, அரை மணிக்கு மேல் மெத்தென்று வேகவைத்துப் பிழிந்து, கடைசியில் சேருங்கள். கூடவே 20 கிராம் காய்ந்த காளானை ஊறவைத்து நறுக்கிப் போட்டு, ஊறிய தண்ணீரையும் வடிகட்டி விட்டால், கறி இல்லை என்ற குறையே தெரியாது.

சைவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். "கறியை எடுத்துவிட்டால் அது அசல் இல்லையே" என்று யாராவது சண்டைக்கு வரலாம். கீல்பாஸா என்ற தொத்திறைச்சியோ பன்றிக்கொழுப்போ போடுவது சகஜம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இது கத்தோலிக்க நாடு. வெள்ளிக்கிழமை கறி தவிர்க்கும் வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு 12 வகை வைத்து உண்ணும் பெரிய விருந்திலும் கறி கிடையாது, மீன்தான். புளித்த முட்டைக்கோஸும் காளானும் சேர்த்த வஸான்கியைச் சில வீடுகளில் அந்த விருந்துக்கே செய்வார்கள். ஆக, சைவ வஸான்கி நாம் கண்டுபிடித்தது இல்லை. வெளியே சாப்பிடும்போது மட்டும் ஜாக்கிரதை. பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளை, ஸ்க்வார்கி என்பார்கள், கேட்காமலே மேலே தூவிவிடுவதுண்டு. "பெஸ் ஸ்க்வாரெக்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வதக்கியதே பன்றிக்கொழுப்பிலா என்றும் கேளுங்கள். முட்டை சேர்க்காதவர் என்றால் பாஸ்தா பாக்கெட்டில் "யாயா" (jaja), அதாவது முட்டை, என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடையைப் பற்றிப் பேசியதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, வேண்டாமென்றால் தாண்டிப் போங்கள். முன்பு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தில் "கடுமையான வாசனையுள்ள சமையல் கூடாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். இந்தியர்களுக்கு மட்டும்தான் அந்த வரி. எதிர்வீட்டுக்காரர்களும் அவரிடமே வாடகைக்கு இருந்தார்கள், அவர்களுடைய ஒப்பந்தத்தில் இல்லை, நானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படியில் ஏறிப் பாருங்கள், மூன்று மாடிக்கும் புளித்த முட்டைக்கோஸும் கறியும் வெந்துகொண்டிருக்கும் வாசனை. எனக்கு அது பிடிக்கும், நான் புகார் சொல்லவில்லை. நான் கடுகு தாளித்தால் மட்டும் சுவர் மஞ்சளாகிவிடுமாம். காலி செய்யும்போது சமையலறைக்கு வெள்ளையடிக்க என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். மீதியை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லோரும் இப்படி என்று சொல்ல வரவில்லை, கீழ்வீட்டுப் பானியும் இதே ஊர்க்காரர்தான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துப் படியுங்கள் தம்பி, அல்லது தங்கை.

சரி, சமையலுக்கு வருவோம். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து கேட்டிருந்தால் சதுரப் பாஸ்தாவுக்கு அலைய வேண்டாம். லசானியா தகட்டை வேகவைத்து வெட்டிக்கொள்ளலாம், வில் வடிவப் பாஸ்தாவும் சரியாக வரும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து மெல்லிசாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போட்டு எடுங்கள். இரண்டு நிமிட நூடுல்ஸ் மட்டும் வேண்டாம், முட்டைக்கோஸோடு புரட்டினால் கூழாகிவிடும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் போலந்து, ஸ்லோவாக் வழி வந்த குடும்பங்கள் முட்டை நூடுல்ஸில் இதையே ஹலூஷ்கி என்று செய்கிறார்கள். நீங்கள் பார்த்த வீடியோ அதுவாக இருந்தால் அதுவும் நல்லதுதான்.

கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகத் தாளியுங்கள், உங்கள் வாணலி. எனக்கென்னவோ அப்புறம் அதை வஸான்கி என்று கூப்பிட மனசு வராது.

மிஞ்சினால் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் வாணலியில் துளி வெண்ணெய் விட்டுப் பரப்பி, கிளறாமல் மொறுமொறுவென்று அடிபிடிக்கவிட்டால் முதல் நாளை விட நன்றாக இருக்கும். ஆபீஸுக்கு நான் கொண்டுபோவது அதைத்தான். குடிக்க ஒரு டம்ளர் கெஃபிர். நம் மோரை விடக் கெட்டி. இங்கே உப்பில்லாமல்தான் குடிப்பார்கள், நான் போட்டுக்கொள்வேன்.