வெளிக்குதிரைத் துப்பாக்கி: பெங்களூரு நண்பர்கள் கேட்டவை

முருகேசன், அல்சூர்: ஐயா, தாத்தா குடகு எஸ்டேட்டில் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரைகளை (தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் சுத்திகளை) எடுத்துவிட்டு உள்குதிரையாக மாற்ற முடியுமா?

முடியும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பட்டறைகளே சில துப்பாக்கிகளை அப்படி மாற்றிக் கொடுத்திருக்கின்றன. ஆனால் குதிரையைக் கழற்றியதும் முடிகிற வேலை இல்லை இது. சுடுவதற்குமுன் வெளிக்குதிரையைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்து ஏற்றுகிறோம். அது உள்ளே போய்விட்டால் யார் ஏற்றுவது? 1871இல் மர்காட் என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர் அந்த வேலையைக் குழலைத் திறக்கும் லீவரிடம் கொடுத்தார். 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியின் ஆன்சனும் டீலியும் தோட்டா போடக் குழல் மடங்குகிற அசைவிலேயே குதிரை ஏறும்படி செய்தார்கள். அதுதான் நிலைத்தது. இன்னொன்று, வெளிக்குதிரை ஏறியிருந்தால் கண்ணுக்குத் தெரியும், உள்ளே இருந்தால் தெரியாது. ஆகவே தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியும் வேண்டும். பழைய உடம்பில் இத்தனைக்கும் இடம் குடைந்தால் இரும்பு பலவீனமாகும். உங்கள் தாத்தாவின் துப்பாக்கியை அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

செல்வம், பீன்யா: தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா அண்ணே?

கூடவே கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியை மாற்றவும் பழுதுபார்க்கவும் அதற்கான உரிமம் வேண்டும். லேத் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது.

கவிதா, இந்திராநகர்: எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் குழலில் அலை அலையாய் வரி ஓடுகிறது. சுடலாமா?

அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பு, எஃகுக் கம்பிகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்தது. இந்தக் குழல்களில் பெரும்பாலானவை கரிமருந்துக்காக, அதாவது பழைய கருப்பு வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, அதன் அழுத்தத்தை இவை தாங்காமல் போகலாம். குழல் எந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்று காட்ட அதன் அடியில் குத்திய சோதனை முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவர் பார்க்காமல் சுடாதீர்கள். குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளத்தையும் அளக்க வேண்டும். 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வரியின் அழகில் மயங்கி இதை மறந்துவிட வேண்டாம்.

ரவி, சிவாஜிநகர்: முன்பே மாற்றப்பட்டதா என்று எப்படித் தெரியும்?

குதிரை பொருந்தியிருந்த பக்கத் தகட்டைப் பாருங்கள். குதிரையின் அச்சு வெளியே வந்த துளையை அடைத்த தடம் தெரிகிறதா? செதுக்கிய வேலைப்பாடு அந்த இடத்தில் அறுபட்டிருக்கிறதா? செய்த கம்பெனியே அந்தக் காலத்தில் மாற்றியதாக அதன் பதிவேட்டில் இருந்தால் அதுவும் ஒரு வரலாறு, மதிப்பு உண்டு.

முருகேசன்: தாத்தாவின் லைசென்ஸ் எனக்குச் செல்லுமா?

செல்லாது. உங்கள் பெயரில் உரிமம் வரும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.