கேள்வி – பதில்: ரெசினில் ஒட்டாத தும்பு

கேள்வி: தென்னந்தும்பைப் பொலியெஸ்டர் ரெசினில் போட்டுப் பலகை வார்க்கிறோம். முறித்துப் பார்த்தால் தும்பு உருவிக்கொண்டு வருகிறது. ரெசின் சரியில்லையா? – வாசகர், வாழைச்சேனை

பதில்: முதலில் முறிந்த முகத்தைப் பாருங்கள். வழுவழுப்பான தும்பு நீட்டிக்கொண்டும், எதிர்ப்பக்கம் வெறும் துளையாகவும் இருந்தால் பிழை ரெசினில் இல்லை, தும்பின் மேற்பரப்பில்தான். அதில் மெழுகுப் படலம் இருக்கிறது. தும்பு ஈரத்தை இழுக்கும். ரெசின் ஈரத்தோடு சேராது.

அந்த மெழுகைக் கழற்ற, 100 கிராம் தும்புக்கு 2 லீற்றர் தண்ணீர், 100 கிராம் கோஸ்டிக் சோடா. சோடாவைத்தான் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளாஸ்டிக் வாளி எடுங்கள், அலுமினியச் சட்டியைச் சோடா அரித்துவிடும். கரைசல் ஆறியபின் தும்பை 2 முதல் 4 மணித்தியாலம் ஊறவையுங்கள். தண்ணீர் கடும் பழுப்பாகும். மெழுகோடு, தும்பை இறுக்கிப் பிடிக்கும் இயற்கைப் பசையான லிக்னினிலும் ஒரு பகுதி கழன்று, தும்பு சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் ரெசின் பிடிக்கும். இன்னும் நல்லாகட்டும் என்று இரண்டு நாள் விடாதீர்கள், தும்பே நைந்துபோகும்.

பிறகு பலமுறை அலசி, ஒரு லீற்றருக்கு அரைக் கோப்பை வினாகிரி கலந்த தண்ணீரில் ஒரு தரம் முக்கி, மறுபடி அலசுங்கள். சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறக் கூடாது.

காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் காய்ந்தது கைக்குக் காய்ந்ததாகத் தெரியும், ஆனால் நம் கடற்கரைக் காற்றில், அதுவும் மாரியில், 100 கிராம் தும்பு 10 கிராமளவு ஈரத்தை வைத்திருக்கும். 80 பாகை அவணில் வைத்து, மணிக்கொரு தரம் நிறுங்கள். நிறை குறைவது நின்றதும் எடுத்து உடனே வார்க்க வேண்டும். முடியாவிட்டால் பொலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: பிடிப்புக் கூடினால் இழுவைப் பலம் கூடும், அடி தாங்குவது சிலவேளை குறையும். கதிரைக்கும் கூரைக்கும் ஒரே அளவு பார்க்காதீர்கள்.

கேள்வி: வள்ளத்துக்கு ஒட்டும் கண்ணாடி நார்ப் பாயையும் சோடாவில் ஊறவைக்கலாமா? – வாசகர், கல்முனை

பதில்: வேண்டவே வேண்டாம். ரெசினைப் பிடிக்கும் சிலேன் பூச்சு தொழிற்சாலையிலேயே அதில் ஏற்றப்பட்டது. சோடா அதையும் கழற்றி, கண்ணாடியையும் அரிக்கும். ஒட்டு கழல்வது பெரும்பாலும் வள்ளத்தின் பழைய பக்கத்தால்தான். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலரவிட்டு, அசிற்றோனால் மெழுகைத் துடைத்தபின் 80ஆம் நம்பர் தாளால் மினுக்கம் போகத் தேயுங்கள். தேய்த்துவிட்டுத் துடைத்தால், மெழுகை உள்ளே தேய்த்து ஏற்றியதாகிவிடும். ஓட்டையின் விளிம்பை 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு 12 மில்லிமீற்றர் வீதம் சரித்தெடுங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் சரிவு 60 மில்லிமீற்றர்.