மாவுக்கட்டுக்குள் வலி கூடினால்
தம்பிக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து நேற்று மாவுக்கட்டு போட்டார்கள், மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். விடியும் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எலும்பு வார்டு செவிலியரான எனக்கு வீக்கத்தைவிட இந்த வலிதான் பயம். கால் கட்டைவிரலை நீங்களே மெல்ல மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். காலுக்குள் உயிர் போகிற வலி எடுத்தால், தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டதும் 2 விநாடிக்குள் சிவக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். நாடி அடங்குவது கடைசியில்தான். தலையணை அடுக்கிக் காலை உயர்த்த வேண்டாம், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். சாப்பிடவும் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். போனதும் 'மாவுக்கட்டைப் பிளந்து பாருங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலே தசை செத்துவிடும்.